இலக்கியக் கோட்பாடு: முதலாண்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மதுரை மாணவி: மேடம், கோட்பாட்டை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கவிதையிலிருந்து. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற திறனாய்வாளர், எழுதியவர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். பெயர் இல்லாததால் பிள்ளைகள் தடுமாறினார்கள். நல்ல கவிதையைத் திட்டினார்கள், சுமாரானதைக் கொண்டாடினார்கள். அந்தத் தாள்களை வைத்தே 1929இல் ஒரு புத்தகம் போட்டார். நீங்களும் குறுந்தொகையில் ஒரு பாட்டை உரை பார்க்காமல் பத்துத் தடவை படியுங்கள். அப்புறம் கோட்பாடு.

தஞ்சாவூர் மாணவர்: பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரொலான் பார்த் ‘ஆசிரியர் இறந்துவிட்டார்’ என்கிறாரே, எழுதியவரைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசலாம். 1967இல் வந்த அந்தக் கட்டுரை மறுப்பது, எழுதியவரின் வாழ்க்கையும் நோக்கமுமே பொருளுக்குக் கடைசித் தீர்ப்பு என்பதைத்தான். குறுந்தொகை 40ஐ எழுதியவரின் பெயரே நமக்குத் தெரியாது. ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற உவமையை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லையே.

அதே மாணவர்: அப்படியானால் பார்த் சொன்னதை நாம் அன்றே சொல்லிவிட்டோம்!

இல்லை தம்பி. பெயர் தொலைந்துபோவது வேறு, தெரிந்த பெயரை ஒதுக்கிவைப்பது வேறு.

கோவை மாணவர்: அமைப்பியலுக்கு ஒரு பக்கக் குறிப்பு கிடைக்குமா?

கிடைக்காது.

யாழ்ப்பாண மாணவி: மார்க்சியத் திறனாய்வுக்குத் தமிழில் யாரைப் படிக்கலாம்?

கைலாசபதி, சிவத்தம்பி. இருவரும் உங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கிய’த்தில் தொடங்குங்கள்.

சேலம் மாணவர்: பின்நவீனத்துவம் என்றால் என்ன, சுருக்கமாக?

இன்று இது நான்காவது முறை. கவிதை படித்தாயிற்றா?

தஞ்சாவூர் மாணவர் மறுபடியும்: இயற்கைக் காட்சி வழியாக மறைபொருள் உணர்த்தும் உள்ளுறையும் இறைச்சியும் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றன. சொல்லாததை வாசகர்தானே நிரப்புகிறார்?

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறீர்கள். நிரப்புகிறார், ஆனால் இஷ்டப்படி அல்ல. குறிஞ்சித் திணை என்றால் கூடல், முல்லைத் திணை என்றால் காத்திருத்தல். இந்த மரபு தெரிந்தவருக்கே பொருள் திறக்கும். ஒரு குறி தன் அமைப்புக்குள் மற்றக் குறிகளிலிருந்து வேறுபட்டு நிற்பதால்தான் பொருள் பெறுகிறது என்றாரே மொழியியலாளர் சசூர், அவருக்குப் பக்கத்தில் திணையை வைத்தால் ஒத்துப்போகும். பொருளை வாசகரிடம் விடுகிற பார்த்தின் அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்தால் முரண்டு பிடிக்கும். எல்லாம் இங்கேயே இருந்தது என்று சொல்லிவிட்டால் நம் மரபு, அவர்கள் கோட்பாடு இரண்டையுமே படிக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

அதே மாணவர்: திணை தெரியாமல் வாசித்தால் தவறா மேடம்?

அந்த 40ஆம் பாட்டையே எடுங்கள். பேசுவது யார் என்று சொல்லும் அடிக்குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால், ‘யானும் நீயும் எவ்வழி அறிதும்’ என்று கேட்பது அவனா அவளா? பாட்டுக்குள் விடை இல்லை. தலைவன் என்பது குறிப்பு. தலைவிதான் என்று என் வகுப்பில் ஒரு மாணவி நான்கு பக்கம் வாதாடி எழுதினாள். மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.