வெள்ளைக்காரர் காலத்துப் பெருங்கடைகளும் நம் சீமையும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர்: சென்னை ஸ்பென்சர் கடையின் தொடக்கம் என்ன, அண்ணாச்சி?

1863 வாக்கில் சார்லஸ் டியூரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகிய இருவரும் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய வியாபாரம் அது. பின்னர் யூஜின் ஓக்ஷாட் பொறுப்பில் வளர்ந்து, 1895-இல் சொந்தக் கட்டடத்துக்கு மாறியபின், 80-க்கும் மேற்பட்ட பிரிவுகளோடு நடந்தது. ஜவுளிக்கு ஒரு கடை, பாத்திரத்துக்கு ஒரு கடை, பலசரக்குக்கு ஒரு கடை என்று ஏறி இறங்கிப் பழகிய நம்மவர்களுக்கு அது வேறோர் உலகம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: திருநெல்வேலியில் அப்படியொரு கடை ஏன் வரவில்லை?

வாங்கும் ஐரோப்பியர் இங்கே சிலரே என்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. கலெக்டர் கச்சேரி அதிகாரிகள், பாளையங்கோட்டை மிஷனரிமார், பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் இருந்த ஹார்வி பஞ்சாலைக்காரர்கள், அவ்வளவுதான். ஆனால் 1876-இல் ரயிலும், தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சலைப் பெறும் வி.பி.பி. முறை 1877-இலும் வந்துவிட்டதால், பட்டணத்துச் சரக்கு வீடுவரை வர வழி பிறந்தது. எங்கள் ஆச்சியின் தையல் சாமான்கள் கிடந்தது இங்கிலாந்தின் ஹண்ட்லி பாமர்ஸ் கம்பெனி பிஸ்கட் டப்பா ஒன்றில். மூடியோரம் துருவேறி, திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடும்.

கோவில்பட்டியிலிருந்து ஒருவர்: ஒயிட்அவே லெய்ட்லா?

1882-இல் ராபர்ட் லெய்ட்லா கல்கத்தாவில் தொடங்கிய பெருங்கடை நிறுவனம். கடன் கிடையாது, ரொக்கம் மட்டுமே. மவுண்ட் ரோட்டில் அவர்கள் கட்டிய கட்டடம் பின்னாளில் சுதேசமித்திரன் பத்திரிகைக்குச் சொந்தமானது.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: வ.உ.சி. கடையும் நடத்தினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அவர், சுதேசிப் பண்டகசாலை, தரும சங்க நெசவுச்சாலை ஆகியவற்றையும் தூத்துக்குடியில் நிறுவினார். அந்நியத் துணியை வாங்காதே என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கினால் போதாது, உடுத்த வேறு துணியை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கும் விடை வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் பேச்சு கப்பலோடு நின்று, அந்தக் கடையும் தறியும் மறக்கப்பட்டது எனக்கு ஆறாத வருத்தம். 1908 மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின.

மீண்டும் தூத்துக்குடி அன்பர்: பண்டகசாலை என்ற சொல் இன்றும் உண்டா?

நியாயவிலைக் கடைக்குப் போகிறவர் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். கூட்டுறவுப் பண்டகசாலை என்று பல ஊர்களில் எழுதியிருக்கும்.