மங்கலான ஹால், ஃபிளாஷ் கூடாது: ஹெச்பி5 போதுமா?

கல்யாண ஹால்ல வெளிச்சம் கம்மி, ஃபிளாஷ் போடக்கூடாதுன்னுட்டாங்க, கையில 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் மட்டும்தான், ஹெச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிம் தாங்குமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா தாங்கும் ப்ரோ. அது ஐஎஸ்ஓ 400 (வெளிச்சத்தைப் பிடிக்கற ஸ்பீடு) ஃபிலிம்தான், ஆனா வெளிச்சம் அளக்கற மீட்டர்ல 1600ன்னு செட் பண்ணி எடுத்துட்டு புஷ் பண்ணி, அதாவது வழக்கத்தைவிட அதிக நேரம் டெவலப் பண்ணலாம், கிரெயினும் (படத்துல தெரியற புள்ளிகள்) கான்ட்ராஸ்டும் கொஞ்சம் ஏறும், எனக்கு கல்யாண போட்டோல அது பிடிக்கும். புஷ்ங்கிறது முழு ரோலுக்கும் சேர்த்துதான், அதனால பாதியில 400க்கு மாத்திடாதீங்க, ரோல் மேலயே 1600ன்னு எழுதி லேப்லயும் சொல்லிடுங்க.

மீட்டரிங்லதான் பலரும் கோட்டை விடறாங்க. ஃப்ரேம்ல வெள்ளை டிரஸ் நிறைய இருந்தா மீட்டர் ஏமாந்து எக்ஸ்போஷரை குறைச்சிடும், கிட்டப்போய் முகத்துல அளந்து எடுங்க, ஏன்னா நெகட்டிவ்ல பதியாத நிழல் டீடெயில் எவ்ளோ புஷ் பண்ணாலும் வராது. ஷட்டர் 1/60க்கு கீழ வேணாம், டான்ஸ்னா 1/125 ஆவது வைங்க.

டெல்டா 3200ங்கிற இன்னொரு கருப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கலாமான்னு யோசிச்சா, பேர்ல இருக்கற நம்பரை அப்படியே நம்பாதீங்க, அதோட நிஜ ஸ்பீடு 1000 பக்கம்தான். மஞ்ச பல்பும் ட்யூப்லைட்டும் கலந்து எரிஞ்சாலும் கருப்பு வெள்ளைல கலர் தலைவலி இல்ல, அது போனஸ். முக்கியமான சடங்குக்கு முன்னாடி மட்டும் புது ரோல் போட்டுடுங்க, பழைய ரோல்ல ஆறேழு ஃப்ரேம் வீணானாலும் பரவால்ல.