தெற்கு ரோன் சிவப்பு ஒயின்: இந்த முறை வந்த கேள்விகள்

ஜி.எஸ்.எம். கலவை என்று கேட்டால் பாரிஸ் கடைக்காரர் விழிக்கிறார். ஏன்?

அது கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்ற மூன்று திராட்சைகளின் கலவைக்கு ஆஸ்திரேலியாவில் பிரபலமான சுருக்கப் பெயர். பிரான்சில் லேபிளில் பெரும்பாலும் ஊரோ பகுதியோதான் இருக்கும், திராட்சை இருக்காது. தெற்கு ரோன், அதாவது தெற்கு பிரான்சில் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒயின் வேண்டுமென்றால் கோட் து ரோன், ஜிகொந்தாஸ், வக்கேராஸ் என்று கேளுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மூன்றுதான். கிரெனாஷ் பழச்சுவையையும் ஆல்கஹாலையும் தரும். ஆனால் தோல் மெல்லியது, நிறம் வெளிறும், காற்று பட்டால் சீக்கிரம் கெடும். சிரா கருநிறமும் மிளகு வாசமும் கொண்டு வரும். மூர்வேத்ர் துவர்ப்பைக் கொடுத்து ஒயினை நிமிர்த்தி வைக்கும். அது பழுக்க நல்ல வெயில் வேண்டும், அதனால்தான் வடக்கு ரோனில் அதைப் பார்க்க முடியாது.

சிரா ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்ததுதானே?

இல்லை. 1990களின் இறுதியில் மரபணுச் சோதனை இதைத் தீர்த்துவிட்டது. தாய் மோந்தெஸ் பிளான்ஷ், தந்தை துரேஸா. இரண்டுமே தென்கிழக்கு பிரான்சின் திராட்சைகள்.

படம் அனுப்பியிருக்கிறேன். இந்த ஒயின் நல்லதா?

படத்தில் பாதி லேபிளும் உங்கள் கட்டைவிரலும்தான் தெரிகின்றன. ஊர், தயாரிப்பாளர், ஆண்டு இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. போன முறையும் எழுதினேன், அதற்கு முந்தைய முறையும் எழுதினேன். மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஷாத்தோநெஃப் தியு பாப் ஒயினில் 13 வகைத் திராட்சையும் கட்டாயமா?

அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. போக்காஸ்தெல் பண்ணை 13 வகைகளையும் வளர்க்கிறது. ரயாஸ் பண்ணையின் சிவப்பு ஒயின் முழுக்க கிரெனாஷ்தான். இரண்டும் அந்த ஊரின் பெருமைகள். எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் எழுதுவேன். நல்ல ஒயினைக் கெடுப்பதில் இந்த ஒரு வாசகத்துக்கு ஈடு வேறில்லை.

அந்தப் பேச்சு பழைய கல் வீடுகளின் காலத்தில் பிறந்தது. நிலவறையில் 12 டிகிரியில் கிடந்த போத்தலைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைப்பார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ஷாம்ப்ரே' என்று தனிச் சொல்லே உண்டு. அந்த அறை 16, 17 டிகிரிக்கு மேல் போகாது. இன்று பாரிஸ் அடுக்ககத்தில் குளிர்காலத்திலேயே 21 டிகிரி. சிங்கப்பூரிலோ சென்னையிலோ அறை வெப்பநிலை என்றால் 30.

தெற்கு ரோன் ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 14, 15 சதவீதம். அதை 25 டிகிரியில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட் நெடிதான், பழம் ஜாம் போலக் கிடக்கும். ஒரு ஜூலை மாதம் அவினியோனில் ஓர் உணவகத்தில் அடுப்படி அலமாரியிலிருந்து ஒரு ஜிகொந்தாஸ் எடுத்து வந்தார்கள், போத்தலே கையில் சூடாக இருந்தது. ஐஸ் வாளி கேட்டேன். பரிமாறியவர் முகம் சுளித்தார். கால் மணி நேரத்தில் அதே ஒயினில் செர்ரியும், அந்தப் பக்கத்துக் குன்றுகளில் வீசும் தைம் வாசமும் எழுந்து வந்தன. ஒரு வருட உழைப்பை அந்த அலமாரி மறைத்து வைத்திருந்தது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

சரி, செய்ய வேண்டியது: ஃப்ரிட்ஜில் முக்கால் மணி நேரம், வெப்ப நாடுகளில் இரண்டு மணி வரை. அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி. 16 டிகிரியை ஒட்டி ஊற்றுங்கள், கோப்பையில் தானே ஏறிக்கொள்ளும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டுவிட்டு நேரே ஊற்றாதீர்கள், துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும்.

காரமான மட்டன் சுக்காவோடு ஷாத்தோநெஃப் எடுக்கலாமா?

வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும். இரண்டுமே வீணாகும். மிளகு தூக்கலாக, மிளகாய் குறைவாகச் செய்த வறுவல் என்றால் சிரா அதிகமுள்ள கோட் து ரோன் பொருந்தும், குளிரவைத்து.

அந்த ஊரில் எதோடு குடிக்கிறார்கள்?

ரோஸ்மேரி, பூண்டு வைத்துச் சுட்ட ஆட்டுத்தொடை. அப்புறம் 'தோப்', மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து மூன்று நாலு மணி நேரம் மெதுவாக வேகவைப்பது. ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு, ஆலிவ் ஒரு கைப்பிடி சேரும். நீண்ட நேரம் வெந்த இறைச்சியின் பசை மூர்வேத்ரின் துவர்ப்பைத் தணிக்கும், அந்தப் பொருத்தத்துக்காகவே சமைக்கலாம். சைவர்களுக்கு ரத்தத்தூய்: கத்தரிக்காய், தக்காளி, குடமிளகாய், ஆலிவ் எண்ணெய். இதற்குச் சாதாரண கோட் து ரோன் போதும். தோப் செய்யப் பானையிலும் அதையே ஊற்றுங்கள். விலையுயர்ந்ததைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

மத்தி மீனோடு?

வாயில் இரும்புச் சுவை வரும். அதே பகுதியின் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின் வாங்குங்கள், தவெல் ஊருடையது நல்லது.

கோட் து ரோனைப் பத்து வருடம் சேமிக்கலாமா?

மூன்று நாலு வருடத்துக்குள் குடியுங்கள். பத்து வருடம் தாங்குவது நல்ல ஷாத்தோநெஃப், ஜிகொந்தாஸ், அதுவும் 13 டிகிரி இருட்டில். சமையலறை அலமாரியில் இல்லை.

திறந்த போத்தல் எத்தனை நாள் இருக்கும்?

தக்கையை அடைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. கிரெனாஷ் அதிகமிருந்தால் மறுநாளே முடித்துவிடுங்கள். எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள்.