பேக் டவுன் நேரத்துக் கரண்டில் மெத்தனால் தயாரிக்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் குடும்பத்துக்கு 250 கிலோவாட் விண்ட்மில் இரண்டு இருக்கின்றன. மாமனார் காலத்தில் போட்டவை. சீசனில் காற்று நன்றாக அடிக்கும்போதுதான் பேக் டவுன், அதாவது மின்சாரம் மிகுதி, உற்பத்தியைக் குறையுங்கள் என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறார்கள். போன சீசனில் மட்டும் சுமார் 300 மணி நேரம் நின்றன. கொஞ்ச தூரத்தில் ஓர் எத்தனால் ஆலை இருக்கிறது. அங்கே வரும் கார்பன் டை ஆக்சைடைச் சும்மா வெளியே விடுகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்து மெத்தனால் எரிபொருள் தயாரிக்கச் சிறிய பிளாண்ட் போடலாம், போட்ட பணம் நான்கு வருடத்தில் திரும்பிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். நிலத்தை அடமானம் வைத்து இதில் இறங்கலாமா?

பதில்: இறங்க வேண்டாம். நிலத்தை எழுதிக் கொடுக்கும் முன் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

அவர் சொல்லும் வேதியியல் உண்மைதான். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பார்கள். அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து 50 முதல் 100 பார் அழுத்தத்தில், 250 டிகிரியை ஒட்டிய சூட்டில், செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால் மெத்தனாலும் தண்ணீரும் வரும். ஐஸ்லாந்தில் 2012 முதல் இப்படித் தயாரித்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசி, புகையிலிருந்து பிடித்த வாயுவைக் கொண்டு நாளுக்கு 10 டன் அளவில் ஓர் ஆலை அமைத்திருக்கிறது.

உங்கள் மில்லில் எனக்குத் தெரியும் முதல் சிக்கல் வேறு. அந்தக் காலத்து 250 கிலோவாட் மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அது காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்சாரத்தை கிரிடிலிருந்துதான், அதாவது மின்வாரியத்தின் பொது மின்கம்பி வலையிலிருந்துதான், வாங்கிக்கொள்ளும். பேக் டவுன் என்று துணைமின் நிலையத்தில் ஃபீடரையே (மில்லை கிரிடோடு இணைக்கும் லைனை) திறந்துவிட்டால், அதாவது துண்டித்துவிட்டால், எவ்வளவு காற்று அடித்தாலும் மில் ஒரு யூனிட்கூடத் தராது, பிரேக் போட்டு நிற்கத்தான் வேண்டும். ஆக, வீணாகும் கரண்ட் என்று நீங்கள் நினைப்பது எங்கேயும் உற்பத்தியாகித் தேங்கி நிற்கவில்லை. கிரிட் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் தனியாக இன்வெர்ட்டர், பேட்டரி, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் வேண்டும், மின்வாரியத்தின் அனுமதியும் வேண்டும். வந்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

சரி, எப்படியோ அந்த 300 மணி நேரமும் இரண்டு மில்லும் முழுத் திறனில் ஓடி, கரண்ட் இலவசமாகவே கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 500 கிலோவாட், 300 மணி நேரம்: 1,50,000 யூனிட். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் செலவாகும். அழுத்தம் ஏற்றுவது, சுத்திகரிப்பது எல்லாம் சேர்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 10,500 யூனிட். வருடம் முழுக்க உங்களால் 14 டன்தான் தயாரிக்க முடியும். கிலோ 30 ரூபாய் என்று போட்டால் மொத்த விற்பனையே நாலேகால் லட்சம் ரூபாய்! ஆள் சம்பளத்துக்கே அது போதாது. பிளாண்ட் செலவோ கோடிகளில் போகும். நான்கு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

எத்தனால் ஆலையின் வாயுவையும் இதே கணக்கில் பாருங்கள். நொதிக்கும்போது ஒரு டன் எத்தனாலுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வரும், அதுவும் அனேகமாகச் சுத்தமாக. நிலக்கரிப் புகையில் இது 12 முதல் 14 சதவீதம்தான், காற்றில் 0.04 சதவீதம்தான். அதனால் வாயுவைப் பொறுத்தவரை நீங்கள் கண் வைத்த இடம் மிகச் சரி. ஆனால் 14 டன் மெத்தனாலுக்கு வேண்டியது 20 டன் வாயு. நாளுக்கு 50 கிலோலிட்டர் எத்தனால் எடுக்கும் ஆலை இதைச் சுமார் அரை நாளில் வெளியே விட்டுவிடும். வாயுவுக்குப் பஞ்சமே இல்லை, மின்சாரம்தான் போதாது.

அப்படியானால் கிரிடிலிருந்து கரண்ட் வாங்கி வருடம் முழுக்க ஓட்டலாமே என்று தோன்றும். யூனிட் 3 ரூபாய்க்குக் கிடைத்தாலும் ஒரு டன்னுக்கு மின்சாரச் செலவே 31,500 ரூபாய். அந்த டன்னை விற்றால் வருவது 30,000.

இதை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதும் கஷ்டம். காற்று அடிக்கும்போது ஓட்டி, அடிக்காதபோது நிறுத்த மெத்தனால் ரியாக்டர் மோட்டார் பம்பு இல்லை. அது ஒரே சூட்டில், ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரில் அல்கலைன் என்ற வகையை ரொம்பக் குறைந்த லோடில் ஓட்டினால் ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் கசிந்து வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் ஜெயித்த இடங்கள் எல்லாமே உபரி கரண்டை மட்டும் நம்பியவை அல்ல. ஐஸ்லாந்தில் புவிவெப்பமும் நீர்மின்சாரமும் இரவு பகலாக வருகின்றன. டென்மார்க்கில் காஸோ என்ற இடத்தில் 2025-இல் திறந்த ஆலை ஆண்டுக்கு 42,000 டன் திறன் கொண்டது. பக்கத்திலேயே 300 மெகாவாட் சோலார் பூங்கா, கூடவே கிரிட் இணைப்பு, சாண எரிவாயு ஆலைகளிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, மெத்தனாலில் ஓடும் கப்பல் வைத்திருக்கும் மேர்ஸ்க் போன்ற வாடிக்கையாளர் எல்லாம் கைவசம். சுற்றுச்சூழலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கச் சம்மதித்தவர்கள் இருந்ததால்தான் அந்த ஆலை எழுந்தது. உங்கள் 14 டன்னுக்கு அப்படி யார் வருவார்கள்?

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறக்க முடியாது. தமிழ்நாட்டில் இதைத் தயாரிக்க, வைத்திருக்க, விற்க உரிமம் வேண்டும், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். தோட்டத்து மூலையில் ஒரு டேங்கில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. வீட்டில் பிள்ளைகளும் தோட்டத்தில் வேலையாட்களும் இருக்கும் இடத்தில் இதை வைப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வயரும் பேட்டரியும் போய்ச் சேராத இடங்களுக்கு, அதாவது கப்பலுக்கும் நீண்டதூர விமானத்துக்கும், இது நிச்சயம் தேவைப்படும். காருக்கும் பம்புக்கும் வீண். 10,500 யூனிட் போட்டு எடுக்கும் ஒரு டன்னில் இருப்பது 5,500 யூனிட் வெப்பம், எஞ்சினில் எரித்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வரும். பேட்டரியில் போட்டால் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கு 2025-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே பெரிய அளவில் ஆலைகள் வந்தால், அவர்களுக்குக் காற்று மின்சாரம் விற்பவராக நீங்கள் சேரலாம்.

இப்போதைக்கு உங்கள் நிலம் உங்களிடமே இருக்கட்டும். முதலில் பேக் டவுன் ஆன ஒவ்வொரு நாளுக்கும் நேரத்தையும், மெஷின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவான காற்று வேகத்தையும் எடுத்து எழுதுங்கள். ஃபீடரைத் திறந்தார்களா, இல்லை போனில் நிறுத்தச் சொன்னார்களா என்பதையும் தனியாகக் குறியுங்கள். அப்புறம் மில் இணைக்கப்பட்ட வருடத்தையும் பேங்கிங் ஒப்பந்தத்தையும் (மிச்ச யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) பாருங்கள், உங்களுக்கு உள்ள உரிமை அதைப் பொறுத்தே இருக்கும். பழைய இரண்டையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு புதிய பெரிய மெஷின் போடுவதற்கும் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். புதியவை சொன்ன அளவுக்கு உற்பத்தியைக் குறைத்து ஓடக்கூடியவை, ஃபீடரையே திறக்காதவரை முழுதாக நிறுத்த வேண்டியதில்லை. இந்தத் தாள்களோடு எழுதுங்கள், கணக்கைச் சேர்ந்து போடலாம்.