ஃப்ரெடி மெர்குரிக்கு முன்னாடியே போனவங்க

கேள்வி: டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு எங்க அபார்ட்மெண்ட் ஹால்ல நண்பர்கள் சேர்ந்து ஒரு மணி நேரம் பாட்டு போடப் போறோம், எய்ட்ஸ்ல சீக்கிரமே போன கே (ஆணை விரும்பற ஆண்) கலைஞர்கள் நினைவா. நெட்ல தேடி 14 பேர் எடுத்து வச்சிருக்கோம், முதல்ல க்வீன் பேண்ட் பாடகர் ஃப்ரெடி மெர்குரி. ஆளுக்கு 4 நிமிஷம் போதுமா?

பதில்: போதாதுங்க. 14 பேர்னா இரங்கல் கூட்டத்துல பேர் வாசிச்ச மாதிரி ஆயிடும். ரெண்டே பேரை எடுத்துக்கிட்டு முழுசா கேக்க வைங்க. ஃப்ரெடி போனது 1991 நவம்பர்ல, அமெரிக்காவுல முதல் எய்ட்ஸ் கேஸ்கள் பதிவானதோ 1981 ஜூன்ல, நடுவுல பத்து வருஷம் இருக்கு, நீங்க கேக்கற "சீக்கிரம் போனவங்க" அந்த பத்து வருஷத்துல தான் இருக்காங்க.

முதல்ல பாடகர் க்ளாஸ் நோமி. ஜெர்மன்காரர், நியூயார்க்ல கேக், பேஸ்ட்ரி செஞ்சு பொழச்சவர், மூஞ்சில வெள்ளை பவுடர், கருப்பு உதடு, தலைமுடி மூணு கூம்பா நிக்கும், வாயைத் திறந்தா ஓபரா பெண் குரல். 1983 ஆகஸ்ட் 6 இறந்தார், 39 வயசு. அப்போ எச்ஐவிக்கு ரத்த டெஸ்ட்டே கிடையாது, அது வந்தது 1985ல. சாகறதுக்கு சில மாசம் முன்னாடி ம்யூனிக்ல ஆர்கெஸ்ட்ராவோட, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதின "கோல்ட் சாங்" பாடின வீடியோ கிடைக்கும், அதைப் போடுங்க. பனில உறைஞ்சு கிடந்த ஒருத்தன், ஏன் என்னை எழுப்பினே, மறுபடி உறைஞ்சே சாக விடுன்னு நடுங்கி நடுங்கி பாடற பாட்டு அது. போடறதுக்கு முன்னாடி அர்த்தத்தை மட்டும் சொல்லுங்க, முடிஞ்சதும் யாரும் பேசாதீங்க.

ரெண்டாவது அமெரிக்க டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டர். சின்ன வயசுல சர்ச்ல காஸ்பல் பாடின குரல், 1978ல "மைட்டி ரியல்" பாட்டு வந்தது. அந்த பாட்டுல குதிக்குதே ஒரு சிந்தசைசர், அது பேட்ரிக் கவுலி வேலை, அவரும் 1982லயே 32 வயசுல போயிட்டார். சில்வெஸ்டர் 1988 ஜூன்ல சான் ஃப்ரான்சிஸ்கோ கே ஊர்வலத்துல எல்லாரும் பாக்க வீல்சேர்ல வந்தார், டிசம்பர்ல இறந்தார், பாட்டு ராயல்டியை எய்ட்ஸ் உதவி அமைப்புகளுக்கு எழுதி வச்சிட்டு.

பட்டியல்ல அமெரிக்க பியானோ கலைஞர் லிபராச்சி இருந்தா உஷார். தன்னை "கே"ன்னு மறைமுகமா எழுதின லண்டன் பேப்பர் மேல கேஸ் போட்டு 1959ல ஜெயிச்ச மனுஷர், 1987ல சாகற வரைக்கும் ஒத்துக்கல, எய்ட்ஸ்னு வெளில வந்ததே பிரேத பரிசோதனைல தான். அவர் தானே சொல்லிக்கிட்ட மாதிரி அறிமுகம் பண்ணிடாதீங்க.

போஸ்டர்ல "உயிர்க்கொல்லி நோய்" வேண்டவே வேண்டாம், அந்த வார்த்தையே நம்ம ஊர்ல எத்தனை பேரை டாக்டர்கிட்ட போகாம பண்ணியிருக்கும்னு எனக்கு எரிச்சல். ஹால்லயே எச்ஐவியோட வாழற ஒருத்தர் உக்காந்திருக்கலாம், இன்னிக்கு ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு வைரஸ் டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு குறைஞ்சவர்கிட்டேருந்து உடலுறவு மூலமா தொத்தாதுன்னு ஒரு வரி சொல்லிடுங்க.

மீதி 12 பேருக்கு என்ன பண்றதுன்னா, 1987ல வாஷிங்டன்ல விரிச்ச எய்ட்ஸ் நினைவுப் போர்வை மாதிரி செய்யலாம். அதுல ஆளுக்கு 3 அடிக்கு 6 அடி துணி, ஒரு ஆள் படுக்கற பாய் அளவு, அன்னிக்கு மட்டும் 1,920 துணி. உங்களுக்கு ரெண்டு பழைய பெட்ஷீட் போதும், வர்றவங்க ஆளுக்கு ஒரு பேரை ஸ்கெட்ச்ல எழுதட்டும்.

சில்வெஸ்டரை கடைசில வைங்க. அந்த பாட்டுக்கு யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க, நாற்காலியெல்லாம் முன்னாடியே சுவரோரமா தள்ளிடுங்க.