பயோ வேண்டாம், படகுப் பட்டறையைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

மகன் தரம் 12 இல் பயோ, அதாவது உயிரியல் பிரிவு படிக்கிறார். கயாக் என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் தேசிய கனிஷ்ட அணித் தெரிவுக்குப் போக ஆயத்தமாகிறார். கனடாவில் இருக்கும் பெரியப்பாவோ, "துடுப்பை வைத்துவிட்டுப் படிக்கச் சொல்லு, டொக்டர் ஆகிறதென்றால் முழுச் செலவும் என்னுடையது" என்கிறார். நித்திரை வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் எல்லாம் தானாகச் சரிவரும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. இப்போது போகிற போக்கில் சரிவராது.

நீங்களே எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். உயிரியல் புத்தகத்தை விரித்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார். கழகத்தின் வெடித்த கயாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டையும் மறந்து ரெசின் என்கிற பிசினைப் பூசி ஒட்டுகிறார். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ. ரெசின் மணத்தால் வீடே நாறுகிறது என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த தகவல் அதுதான்.

பயோவை எடுத்தது அவரா, குடும்பமா? யாழ்ப்பாணத்தில் மருத்துவ வெட்டுப்புள்ளி எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். பிடிக்காத பாடத்தை மூன்று தரம் எழுதி, பிறகு பெரியப்பாவின் காசில் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி என்று போனால், திரும்பி வந்ததும் இங்கே மருத்துவராகப் பதிவதற்கான மருத்துவ சபையின் ஈஆர்பிஎம் பரீட்சை காத்திருக்கும். இடையில் கனடாவில் வேலை போனால் மிச்சக் கட்டணம் யார் தலையில் விழும்? காசு அனுப்புகிறவர் பாடத்தைத் தெரிவுசெய்யக் கூடாது. இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மகனைச் சொல்ல வைக்காதீர்கள்.

சரி, கயாக். சர்வதேச விதிப்படி 18 வயதாகும் வருடத்தோடு கனிஷ்டப் பிரிவு முடிந்துவிடும். உயர்தரத்தைப் பல்கலைக்கழக அனுமதிக்கென்று மூன்று தரம் எழுதலாம், கனிஷ்ட வயது ஒரு தரம்தான். அதனால் தெரிவுப் போட்டிக்குப் போகட்டும். ஆனால் பயிற்றுநரிடம் 1000 மீற்றர் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உலக மட்டத்தில் கனிஷ்டப் பையன்கள் அதை நான்கு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். சோளகக் காற்றில் பரவைக்கடலில் எடுத்த நேரத்தை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். காற்றில்லாத விடியற்காலை நேரம்தான் கணக்கு.

செலவு விடயத்தில் நான் இறுக்கமான ஆள். நகை அடகு வைத்துப் புதுக் கயாக் வாங்காதீர்கள், கழகத்துப் படகு போதும். கொழும்புப் பயணம், தங்குமிடம், தெரிவானால் விமானச்சீட்டு, இவற்றை யார் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரமும் வேண்டும். அது கைக்கு வருமுன் ஒரு சதமும் கட்டக் கூடாது. கயாக் சோறு போடும் என்ற கனவும் வேண்டாம்.

சோறு போடக்கூடியது அந்த ரெசின் மணம்.

ஒற்றையாள் பந்தயக் கயாக், கேவன் (K1) என்பார்கள், 5.2 மீற்றருக்கு மேல் நீளக் கூடாது, 12 கிலோவுக்குக் கீழே குறையக் கூடாது. போட்டியில் படகை நிறுப்பார்கள், குறைந்தால் வெளியேற்றம். அந்த நீளத்தை அந்த எடையில் உடையாமல் கட்டுவது சின்ன வேலையில்லை. இந்தக் கைவேலையின் மூத்த பிறவிதான் குருநகரிலும் மயிலிட்டியிலும் நிற்கும் பைபர் வள்ளம். அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் என்ற மேற்பூச்சை அடித்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து, வினையூக்கி கலந்த ரெசினை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டும். ஒரு குமிழி தப்பினாலும் பிறகு அந்த இடத்தில் தண்ணீர் புகும். வினையூக்கி கூடினால் சூடேறிக் கீறல் விழும், குறைந்தால் இறுகாது. எங்கள் மத்தியான வெயிலில் ரெசின் வாளியிலேயே கட்டிபட்டுவிடும், அதனால் அனுபவசாலி காலையில் வேலை தொடங்குவார். இரசாயனவியலும் விகிதக் கணக்கும் கையில் நிற்காதவரால் இதைச் செய்ய முடியாது. இன்னும் ஒரு படி மேலே போனால் வெற்றிடத்தால் ரெசினை உறிஞ்ச வைக்கும் முறை, கார்பன் இழை என்று விரியும். மன்னாரில் சுழலும் காற்றாலை இறக்கைகளும் இதே இனம்தான், அவற்றையும் யாரோ பழுதுபார்க்க வேண்டும். தெற்கே ஏற்றுமதிக்குப் படகு கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. காரைநகரில் 1960களில் நோர்வேக்காரரின் உதவியோடு சீநோர் படகுத் தளம் தொடங்கிய ஊர் இது, நமக்கொன்றும் புதிதில்லை.

வழி இரண்டு. ஒன்று, உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பத்துக்கு மாறுவது. அது பொறியியல் தொழில்நுட்பப் பட்டம்வரை கொண்டுபோகும், யாழ் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. மற்றது என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை. குருநகரில் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் உண்டு. பைபர் வேலையிலும் வெளியிணைப்பு இயந்திரத்திலும் இந்த வருடம் என்ன பாடநெறி நடக்கிறது என்று மகனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். மட்டம் 4 இல் நின்றுவிடாமல் 5, 6 என்று ஏறினால் இரத்மலானையில் இருக்கும் யுனிவொடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் முதலாவதைச் சொல்வேன், விடுமுறையில் ஒரு பட்டறையில் கைப்பழக்கத்தோடு. ஆனால் தெரிவு அவருடையது.

ஒரு நிபந்தனை. ரெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவி கூடாதது. இரசாயன வடிகட்டி பொருத்திய முகமூடி இல்லாத பட்டறையில் ஒரு நாளும் விடாதீர்கள். வீட்டு அறைக்குள் பூசுவதையும் இன்றே நிறுத்தி முற்றத்துக்கு அனுப்புங்கள்.

"வள்ளம் கட்டுற வேலையா, எங்கட குடும்பத்திலயா?" என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் வீட்டு மேசைக்கு வரும் மீனும் நண்டும் அந்த வள்ளத்தில்தான் வருகிறது.

பாடம் மாற்றும் கடிதத்தை இந்தத் தவணை முடியுமுன் அதிபரிடம் கொடுங்கள். தள்ளிப்போட்டால் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானத்தில் விட்டுப்போன அலகுகளைப் பிடிக்க ரியூசன் தேட வேண்டிவரும், அந்த நேரம்தான் தெரிவுப் போட்டிப் பயிற்சியும் உச்சத்தில் நிற்கும்.