இல்லினாயில் பனைமரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சவுத் பசடீனா என்ற ஊர். பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பியதும் நானும் மனைவியும் நடக்கப் போய்விடுவோம். போன மாதம் மாண்ட்ரோஸ் அவென்யூவில் ஒரு வீட்டு வேலிச்செடிக்குப் பின்னாலிருந்து வெள்ளை முகமூடி போட்ட ஒருவன் மெதுவாக எட்டிப் பார்த்தான். மனைவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பார்த்தால், இந்தப் பக்கம் அவன் கூட்டாளி போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டார்கள்.

அந்த வேலி 'ஹாலோவீன்' என்ற பழைய திகில் படத்தில் வருகிறதாம். மகள் அன்று இரவே படத்தைப் போட்டுக் காட்டினாள். கதை நடப்பது இல்லினாய் மாநிலம் என்று எழுத்துப் போடுகிறார்கள். ஆனால் பின்னால் பனைமரம் நிற்கிறது! அப்புறம் 'பேக் டு தி ஃபியூச்சர்' பார்த்தோம். அதில் வரும் வீடுகளும் நாங்கள் நடக்கும் புஷ்னெல் அவென்யூவில்தான் இருக்கின்றன.

எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருக்கிறது. அமெரிக்கச் சிற்றூர் என்று நாற்பது வருஷமாக மனதில் வைத்திருந்தது இந்த நாலு தெருவைத்தானா? அவ்வளவு பெரிய நாட்டில் ஏன் எல்லோரும் இங்கேயே வந்து எடுக்கிறார்கள்? தெருக்காரர்களுக்கு இதனால் என்ன லாபம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். படத்தில் கொலைகாரன் போட்டுக்கொள்ளும் அந்த முகமூடியின் அசல், ஒரு விண்வெளித் தொடரின் கப்பல் தலைவர் முகம். 'ஸ்டார் டிரெக்'கில் கேப்டன் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருடையது. இரண்டு டாலருக்குள் கடையில் வாங்கி, வெள்ளை அடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினார்கள். பயந்தது வீண் என்று சொல்லவில்லை, பயப்பட வைத்தவர்களின் கைச்செலவு எவ்வளவு என்று சொல்கிறேன்.

அந்தப் படம் முழுக்கவே அப்படித்தான். மூன்று லட்சம் டாலரை ஒட்டிய பட்ஜெட், ஏறக்குறைய இருபது நாள் படப்பிடிப்பு. கதை அக்டோபர் கடைசியில் நடக்கிறது, எடுத்ததோ 1978 வசந்த காலத்தில். மரமெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இல்லினாயில் அக்டோபர் என்றால் தெருவெல்லாம் பழுத்த இலை கிடக்க வேண்டுமே? காகித இலைகளுக்கு வண்ணம் அடித்துத் தெருவில் தூவினார்கள். காட்சி முடிந்ததும் அத்தனையையும் பொறுக்கி மூட்டை கட்டி, அடுத்த தெருவில் மறுபடி தூவினார்கள். புது இலைக்குக் காசு இல்லை. கீழே இலை உதிர்ந்து கிடக்கும், நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் ஒரு பழுத்த இலை இருக்காது. ஓரத்தில் நீங்கள் பிடித்த அந்தப் பனை. நம் ஊர்ப் பனை இல்லை, நுங்குக்கும் உதவாது, ஓலைக்கும் உதவாது, அழகுக்காக நட்ட நெட்டை மரம். அதை மறைக்க அவர்களிடம் வழியில்லை.

கொலைகாரன் பிறந்த வீட்டின் கதை இன்னும் நன்றாக இருக்கும். அது 1888இல் கட்டிய மரவீடு. படம் எடுத்தபோது ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தது. கதைக்கும் பாழடைந்த வீடுதான் வேண்டும், ஆகவே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் படத்தின் முதல் காட்சி பதினைந்து வருஷம் முன்னால் நடப்பது. அப்போது அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. அதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்து, குழுவில் கை சும்மா இருந்தவர்கள் எல்லோரும் தூரிகை எடுத்து வெள்ளையடித்தார்கள், தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து போட்டார்கள். கேமரா போகும் வழிக்கு மட்டும். அந்த ஒரே ஓட்டமான காட்சியில் நாம் வாசலில் தொடங்கி, பக்கவாட்டில் சுற்றி, பின்கதவு வழியாக நுழைந்து, மாடிப்படி ஏறுகிறோம். கேமரா சட்டென்று தலையைத் திருப்பியிருந்தால் பழைய சுவர் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் காட்சியில் கத்தியைவிட இந்த நினைப்புதான் அதிகம் பயம் தருகிறது.

1987இல் அந்த வீட்டை இடிக்கப் பார்த்தார்கள். ஒருவர் அதைக் காப்பாற்றி, அப்படியே பெயர்த்து, சற்றுத் தள்ளி வைத்தார். இப்போது மிஷன் தெருவில், ரயில் நிறுத்தத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அலுவலகமாக ஓடிக்கொண்டிருந்ததால் நீங்கள் தாண்டிப் போயிருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். வட கரோலைனாவில் ஒரு ரசிகர் இதே வீட்டின் நகலைக் கட்டி அதில் குடியிருக்கிறார். ஆக, இல்லினாயில் இருப்பதாகச் சொல்லப்பட்ட வீட்டுக்கு கலிஃபோர்னியாவில் அசல், கரோலைனாவில் நகல். படத்தில் வரும் ஊர்ப்பெயர் ஹாடன்ஃபீல்டோ, இணைந்து எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லின் நியூ ஜெர்சி ஊர்ப்பெயர். தெருப்பெயர்கள் இயக்குநர் ஜான் கார்பென்டர் வளர்ந்த கென்டக்கி பௌலிங் கிரீனிலிருந்து வந்தவை. இந்த ஊர் எந்த மாநிலம் என்று ரேஷன் அட்டை கேட்டால் யாராலும் எழுத முடியாது.

சரி, ஏன் இங்கேயே? அழகான தெரு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி வரைபடத்தில் ஒரு வட்டம். லாஸ் ஏஞ்சலஸில் பெவர்லி பூல்வார்டும் லா சியெனேகா பூல்வார்டும் சந்திக்கும் இடத்தில் முள்ளைக் குத்தி 30 மைல் ஆரத்தில் வட்டம் போட்டால், அதற்குள் இருப்பது ஸ்டுடியோ மண்டலம். தொழிற்சங்க ஒப்பந்தப்படி அதற்குள் படப்பிடிப்பு என்றால் தொழிலாளி அவரவர் வண்டியில் வந்து சேர வேண்டும், ராத்திரி அவரவர் வீட்டில் தூங்க வேண்டும். வட்டத்தைத் தாண்டினால் பயண நேரத்துக்குக் கூலி, தங்க ஓட்டல், சாப்பாட்டுப் படி. நூறு பேர் கொண்ட குழுவுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தயாரிப்பாளருக்குக் கலைக்கண் வருமோ வராதோ, இந்தக் கணக்கு தானாக வந்துவிடும். (டி.எம்.ஸெட். என்ற வம்புச் செய்தித் தளம் இருக்கிறதே, அந்த மூன்று எழுத்தே முப்பது மைல் மண்டலத்தின் சுருக்கம்தான்.) சவுத் பசடீனா வட்டத்துக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. வேலியில்லாத புல்வெளி, திண்ணைபோல அகன்ற முன்தாழ்வாரம், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது வருஷத்தில் கட்டிய மரவீடுகள், தெருமேல் கவியும் மரங்கள். பனை மட்டும் கண்ணில் படாவிட்டால் ஒஹையோ என்றும் சொல்லலாம், இந்தியானா என்றும் சொல்லலாம்.

அந்தத் தெருக்கள் அப்படியே நின்றதற்கு இன்னொரு காரணம் உண்டு, இதைச் சினிமாக்காரர்கள் சொல்வதில்லை. 710 ஃப்ரீவே தெற்கிலிருந்து வந்து அல்ஹாம்ப்ராவில் திடீரென்று முடிந்துபோகும். மகளிடம் ஒருநாள் அந்த வழியாக ஓட்டச் சொல்லுங்கள், அவ்வளவு அகன்ற சாலை ஒரு சாதாரணத் தெருச் சிக்னலில் போய் முட்டி நிற்கும். அது சவுத் பசடீனாவைக் கிழித்துக்கொண்டு பசடீனா வரை போவதாகத் திட்டம். 1960களிலிருந்து ஊர்க்காரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1973இல் நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அதற்குள் மாநில அரசு பாதை நெடுக 400க்கும் மேற்பட்ட வீடுகளை வாங்கிப்போட்டிருந்தது, அவற்றில் பல பராமரிப்பில்லாமல் கிடந்தன. 2018 வாக்கில்தான் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷ மல்லுக்கட்டு. அதில் ஊர் தோற்றிருந்தால் உங்கள் காலை நடையும் இல்லை, பல படங்களின் அமைதியான தெருவும் இல்லை.

1985இலிருந்து 1955க்குப் போகும் காலப்பயணக் கதையான 'பேக் டு தி ஃபியூச்சர்' விஷயத்தில் நீங்கள் ஏமாந்தது ஒரு ஊரிடம் அல்ல, ஐந்தாறு இடங்களிடம். நாயகனின் 1985 வீடு ஆர்லெட்டாவில், பள்ளிக்கூடம் விட்டியரில், கார் பாய்ந்து மறையும் வணிக வளாகம் சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரியில், விஞ்ஞானியின் பெரிய வீட்டு வெளித்தோற்றம் பசடீனாவின் கேம்பிள் ஹவுஸ், கடிகாரக் கோபுரச் சதுக்கம் யூனிவர்சல் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். உங்கள் புஷ்னெல் அவென்யூவுக்குக் கிடைத்தது 1955: நாயகனின் அப்பா மரத்திலிருந்து தெருவில் விழும் இடமும், அம்மாவின் வீடும். பாத்திரங்கள் ஒரே ஊருக்குள் சுற்றுவதாக நாம் நினைக்கிறோம், நடிகர்கள் நிஜத்தில் சுற்றியதோ மாவட்டம் முழுக்க.

தெருக்காரர்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். சில வருஷம் முன்பு லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே ஒரு நண்பர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு மாலை கதவிடுக்கில் ஒரு தாள்: இந்தத் தேதியில் படப்பிடிப்பு, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. பிறகு ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக வந்து கையெழுத்துக் கேட்டாள். பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் ஒப்புதல் இல்லாமல் நகராட்சி அனுமதி கிடைப்பது கஷ்டம், இரவு வேலை என்றால் இன்னும் கஷ்டம். மறுநாள் மூலை விளக்குக்கம்பத்தில் ஒரு மஞ்சள் அட்டை. நடுவில் அம்புக்குறி, மேலே ஒரு அர்த்தமில்லாத சொல், கீழே அதே சொல் தலைகீழாக. அட்டையை எப்படித் திருப்பிக் கட்டினாலும் அம்பு ஒரு பக்கம் காட்டும், சொல்லும் நேராகப் படிக்க வரும். ஒரே அட்டை இடத்துக்கும் வலத்துக்கும் ஆகிவிடுகிறது. படத்தின் பெயரைப் போடாமல் சங்கேதச் சொல் போடுவது, கூட்டம் சேராமல் இருக்க. அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், உள்ளே நடந்த ஷூட்டிங்கைப் பார்த்த நேரத்தைவிட அதிகம்.

எடுத்தது கிறிஸ்துமஸ் விளம்பரம். மாதம் ஆகஸ்ட். எதிர்வீட்டுப் புல்வெளி மேல் பஞ்சுப் பாய் விரித்துப் பனியாக்கினார்கள். கம்பளிக்கோட்டு போட்ட குழந்தைக்கு ஒரு ஆள் விசிறி பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்குப் பேசிய வாடகை உண்டு, நகராட்சிக்குக் கட்டணம் உண்டு, மற்றவர்களுக்குக் கிடைப்பது வண்டி நிறுத்த இடமில்லாமல் அலைவதும் ஜெனரேட்டர் இரைச்சலும்தான். அதனால் சில தெருக்களில் ஒரு தந்திரம் உண்டு. 'ஆக்‌ஷன்' என்றதும் யாராவது ஒருவர் சருகு ஊதும் மெஷினை ஓட விடுவார். கையில் கொஞ்சம் பணம் வைத்தால் சருகெல்லாம் சட்டென்று தீர்ந்துவிடும். என் நண்பர் அதைச் செய்யவில்லை. செய்ய நினைத்தார், மெஷின் கடன் போயிருந்தது.

இன்று அந்த ஊர்க்காரர்களின் கவலை வேறு. ஜார்ஜியா மாநிலம் 2008 முதல் படப்பிடிப்புக்குத் தாராளமான வரிச்சலுகை கொடுக்கிறது, செலவில் 30 சதவீதம் வரை. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் இந்தியானாவில் நடப்பதாகச் சொல்கிறது, எடுத்தது ஜார்ஜியாவில். 'ஹாலோவீன்' வரிசையே கலிஃபோர்னியாவை விட்டுப் போனது: 2018இல் வந்த படம் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் எடுக்கப்பட்டது, அடுத்தது வட கரோலைனாவில், அதற்கடுத்தது ஜார்ஜியாவில். 2023இல் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது லாஸ் ஏஞ்சலஸில் கேமரா, விளக்கு, தச்சு வேலை செய்கிறவர்கள் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2025இல் கலிஃபோர்னியா தன் வருடாந்தர வரிச்சலுகையை 33 கோடி டாலரிலிருந்து 75 கோடியாக ஏற்றியது அதனால்தான். வட்டத்தின் கணக்கை வரிக்கணக்கு அடித்துவிட்டது.

உங்கள் ஊரில் ஃபேர் ஓக்ஸ் அவென்யூவில் ரியால்டோ என்ற திரையரங்கு இருக்கிறது. 1925இல் திறந்தது. 2007இல் வழக்கமான காட்சிகள் நின்றுபோயின. 'லா லா லேண்டி'ல் காதலர்கள் படம் பார்க்கப் போகும் அரங்கு அதுதான். அதில் படம் பார்க்க முடியாமல் போன பிறகு, படத்தில் அதைப் பார்க்க முடிந்தது. பிற்பாடு ஒரு கிறிஸ்தவ சபை வாடகைக்கு எடுத்தது. வெளியே நின்று பார்க்கலாம், முகப்பு இன்னும் இருக்கிறது.

ஏமாந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் ஊராகப் படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பனையைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை 'ஹாலோவீன்' போட்டால், மரங்களை விட்டுவிட்டு நிறுத்தியிருக்கும் கார்களைப் பாருங்கள். நம்பர் பிளேட்டும் கலிஃபோர்னியாதான்.